சிலிண்டருக்குள் இருந்த கல்

தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் பலாப்பழத்தையும் தட்டுவேன். கடைக்காரர் முறைத்தாலும் விட மாட்டேன். தஞ்சோங் பகாரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்தபோது கேஸ் சிலிண்டர்களையும் தட்டிப் பார்த்தேன். அந்தப் பழக்கம் என் தங்கச்சியின் கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்குப் போய்விட்டது.

வெல்டருக்கு இரண்டு சிலிண்டர் வேண்டும். ஒன்று ஆக்சிஜன். அது காலியானதும் ஸ்பேனரால் தட்டினால் கோவில் மணி மாதிரி கணீரென்று கேட்கும். இன்னொன்று அசிட்டிலின். நிரம்பியிருந்தாலும் காலியானாலும் அது சுவரைத் தட்டியதுபோல் 'தொப்' என்றுதான் சொல்லும். இன்னொரு விசித்திரமும் உண்டு. கேஸ் தீர்ந்த பிறகும் அதன் கனம் பெரிதாகக் குறையாது. மீட்டர் முள் சாயங்காலம் கீழே கிடக்கும்; மறுநாள் காலையில் கொஞ்சம் ஏறி நிற்கும். உள்ளே போன கேஸ் வெளியே வந்துவிட்டதென்றால் இத்தனை கனமாக உள்ளே உட்கார்ந்திருப்பது எது? சோறு இறங்காத அளவுக்கு இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

சிலிண்டர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியவர்தான் என் தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளை. தட்டு மாற்றியாகிவிட்டது, தை மாதம் கல்யாணம். அன்றிலிருந்து என்னை வாய் நிறைய 'மச்சான்' என்பார். ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

"எனக்கும் தெரியாது மச்சான். ஏத்துறேன், எறக்குறேன், அவ்ளோதான். சிலிண்டரை நிக்க வச்சுப் பாவிக்கச் சொல்லுங்கன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

கேட்டது ஒன்று, சொல்வது ஒன்றாக இருக்கிறதே என்று அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் கப்பல் தளம் முழுக்க ஈரம். டீ குடிக்க உட்கார இடமில்லை. இரண்டு அசிட்டிலின் சிலிண்டர்களைப் படுக்கப்போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்தோம். பிறகு சிலிண்டர் கிடந்தபடியே குழாயை மாட்டிப் பற்றவைத்தேன். தீ துப்பியது. நுனியிலிருந்து ஏதோ ஈரமாகத் தெறித்தது. நகச்சாயம் மாதிரி ஒரு நெடி. என் மண்டையில் கணக்கு சட்டென்று முடிந்துவிட்டது. உள்ளே கல்லைப் போட்டு, எண்ணெயை ஊற்றி, கேஸை யாரோ வெளியே விற்கிறார்கள். கம்பெனிக்கும் கப்பலுக்கும் நடுவில் சிலிண்டர் யார் கையில் இருக்கிறது?

எனக்கு எதுவும் எடுத்தேன் கவிழ்த்தேன்தான். மாப்பிள்ளை அடுத்த லோடு இறக்க வந்தபோது, எங்கள் சீன ஃபோர்மேன் பக்கத்தில் நிற்க, நேராகவே கேட்டேன். "கல்ல அடைச்சிட்டு கேஸை வெளியில விக்கிறியா?"

அவர் சிலிண்டரை விட்டு நிமிர்ந்தார். "மச்சான், நான் திருடல."

"என்னை மச்சான்னு கூப்பிடாத."

ஃபோர்மேன் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். விசாரணை முடியும்வரை மாப்பிள்ளையை லாரியிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில், திருடனுக்குப் பெண் கிடையாது என்று அறிவித்தேன். அப்பா அம்மா இல்லாத வீடு. நான் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு தங்கச்சி என்னோடு பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து ஃபோர்மேனையும் என்னையும் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். கழித்துப்போட்ட ஒரு சிலிண்டரைக் குறுக்கே அறுத்து வைத்திருந்தார்.

உள்ளே குழியே இல்லை. விளிம்புவரை சாம்பல் நிறத்தில் ஒரே கட்டி. உண்மையிலேயே கல்! ஜெயித்துவிட்டேன் என்று ஃபோர்மேனைப் பார்த்தேன்.

"எல்லாச் சிலிண்டரும் இப்பிடித்தான்," என்றார் சூப்பர்வைசர். "கம்பெனியே நிரப்பி விடுறது."

ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்தார். பிஸ்கட் மாதிரி லேசாக இருந்தது. அதன்மேல் அசிட்டோன் என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்; அதே நகச்சாய நெடி. இட்லி சாம்பாரைக் குடிப்பதுபோல் குடித்தது. மேலே ஒரு துளி நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். அசிட்டிலினை வெறுமனே அடைத்து அழுத்தினால் தானே வெடித்துவிடும். அதனால் அதை அசிட்டோனில் கரைத்து, அந்த அசிட்டோனை இந்தத் துளைகளுக்குள் பிரித்து வைக்கிறார்கள். கேஸ் போன பிறகும் கல்லும் அசிட்டோனும் உள்ளேயே இருக்கும்; கனம் அதுதான். எங்கேயாவது பற்றிக்கொண்டாலும் தீ ஓட வழி கிடையாது. முள் ஏன் காலையில் ஏறுகிறது என்று கேட்டேன். கரைந்த கேஸ் மெதுவாகத்தான் வெளியே வரும் என்றார். கேட்கக் கேட்க எனக்குக் குஷியாகிவிட்டது. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது.

அவர் மறக்கவில்லை. "நீங்கள் சிலிண்டரைப் படுக்க வச்சனீங்களோ?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"படுக்க வச்சால் அசிட்டோனும் கேஸோட வெளியால வரும். அதைத்தான் நீங்கள் எண்ணெய் எண்டு நினைச்சிருக்கிறீங்கள்."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கொன்றது ஒரே ஒரு ஆளின் மானத்தை. எனக்கு அந்தப் பட்டம் கிடைக்க அதுவே போதும். அந்தக் கல் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தங்கச்சி தைத்துக்கொண்டிருந்தாள். கல்லை மிஷின்மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துளைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் உற்சாகத்தில் ஏறிவிட்டது போலிருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இரும்ப அறுத்துக் காட்டுனா நம்புறீங்க. அவரு வாயால சொன்னப்ப நம்பல, இல்ல?"

எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினேன்.

மாப்பிள்ளை வீடு கிராஞ்சியில், கோழிப் பண்ணைகளுக்கு நடுவில். அந்தப் பக்கம் பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்தவர் 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை.

"தப்பு என்னுது," என்றேன். "சிலிண்டரைப் படுக்க வச்சது நான்தான். நீங்க சொன்னத நான் கேக்கல. கம்பெனிலயும் ஒத்துக்கிட்டேன்."

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கல்லை நீட்டினேன். "உள்ள இருந்தது இதுதான்."

வாங்கிக்கொண்டார். எத்தனையோ வருடம் தோளில் சுமந்தவர், உள்ளே இருப்பதை அன்றுதான் பார்க்கிறார். நகத்தால் கீறினார். மோந்து பார்த்தார். துளைகளைப் பற்றி நான் மெல்ல ஆரம்பித்ததும் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். வாசற்படியில் கல்லை வைத்து விரலால் ஒரு சொட்டு விட்டார். காணோம். இன்னொரு சொட்டு. அதையும் காணோம்.

"எவ்ளோதான் குடிக்கும் இது?"

"தெரியல," என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்து, எனக்கும் இடம்விட்டு நகர்ந்துகொண்டார்.

"உக்காருங்க மச்சான். பாத்துடுவோம்."