ஹில்மா தேடிய கடிவாளம்

மொன்டானாவில் சிறைச்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் அது. அங்கே ஒரு சாப்பாட்டுக்கடை அடுப்படியில் வாழ்க்கையைக் கழித்தவள் ஹில்மா ஓயாலா. கையில் மிஞ்சியதையெல்லாம் குதிரைமயிரில் பின்னிய பழைய கடிவாளங்களில் கொட்டினாள். எல்லாம் அந்தக் காலத்துக் கைதிகள் பின்னியவை.

அவள் அப்பா ஐனோ, மதுக்கடைச் சண்டையில் ஒருவனைக் குத்திவிட்டு உள்ளே போனவர். காசநோய் வந்து அங்கேயே முடிந்துபோனார். அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கடிவாளம் அனுப்பியிருந்தார். கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள், நெற்றிப்பட்டையில் சிவப்புச் சாயம் ஏற்றிய குஞ்சம். அடுத்த பனிக்காலத்தில் அம்மா அதை வழிப்போக்கன் ஒருவனிடம் கொடுத்து ஒரு மூட்டை மாவு வாங்கிவிட்டாள். அப்பாவின் முகம் ஹில்மாவுக்கு நினைவில்லை. அந்தக் குஞ்சம் கன்னத்தில் உரசியது நினைவிருந்தது.

பண்ணை ஏலம், அடகுக்கடை எதையும் விடமாட்டாள். படுக்கையறைச் சுவர் நிறைந்து, கூடத்துச் சுவரும் நிறைந்தது. அவள் தேடியது மட்டும் வரவில்லை. புருஷன் ராய்க்கு எரிச்சல்.

"நம்மகிட்ட ஒரு குதிரைகூட இல்ல. இத்தனையையும் எனக்கா மாட்டப் போற?"

"உனக்கு மாட்டி என்ன புண்ணியம்? இழுத்தாலும் நகரமாட்ட."

அவளுக்கு அறுபது வயதானபோது, பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் லெஸ்டர் க்வேட் என்றொரு கிழவர் இருப்பது தெரிந்தது. அப்பா காலத்தில் அதே சிறையில் இருந்தவர். இருந்தவற்றில் நல்லதாக நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

கிழவருக்குக் கண் மங்கல். ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"ஐனோவா? அந்த ஃபின்லாந்துக்காரன்தானே? பக்கத்து அறைதான்."

ஹில்மா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டாள். "இதுல அப்பா பின்னினது ஏதாவது இருக்கா, பெரியவரே?"

"அவன் எங்கம்மா பின்னினான். கை நடுக்கம். ஒரு முடிச்சு ஒழுங்கா விழாது. வால்மயிர அலசிக் குடுப்பான், நீளம் பாத்துப் பிரிப்பான். அதோட சரி."

"வீட்டுக்கு ஒண்ணு அனுப்பினாரே. சிவப்புக் குஞ்சம் வச்சது."

"அது நான் பின்னினது. பனிக்காலம் பூரா அவன் பங்குப் புகையிலைய எனக்குக் குடுத்து வாங்கினான். புள்ளைக்கு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னான்." கிழவர் தலையைத் தூக்கினார். "அந்தப் புள்ள நீதானா? என் கையால செஞ்சதுல அதுதாம்மா ஒசத்தி. வச்சிருக்கியா? ஒருதடவ தொட்டுப் பாக்கணும்."

"இல்ல. அம்மா மாவுக்குக் குடுத்துட்டா."

கிழவர் கையிலிருந்ததை அவள் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கிளம்பும்வரை திரும்பவில்லை.

வீட்டில் அவள் சொன்னதையெல்லாம் ராய் கேட்டுக்கொண்டான். கிண்டல் எதுவும் பண்ணாமல் காபி ஊற்றி முன்னால் வைத்தான். அது ஆறிப்போனது.

கோடை வந்ததும் கடிவாளங்களில் அந்துப்பூச்சி விழுந்தது. ராய்தான் முதலில் பார்த்தான்.

"பூச்சி அரிக்குது ஹில்மா. மருந்து வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம்."

"எல்லாம் போயிடும்."

"போகட்டும் ராய்."

காலையில் சுவரோரம் மயிர்த்துகள் உதிர்ந்து கிடக்கும். அவள் அதைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போவாள்.