பச்சைப் பெயிண்டில் ஒரு கண்டம்

சந்தையில் கீரை விலை கேட்க வாயைத் திறந்தால் போதும், "அக்கா இந்தியாவா?" என்கிறார் கடைக்காரர். கேட்பதும் தமிழில்தான், நெற்றியில் திருநீறும் இருக்கிறது. பினாங்குக்கு வந்து நான்கு வருடமாகிறது. ஆமாம், திருச்சி என்று தினமும் யாருக்காவது சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

டத்தோ கிராமாட்டில் எங்கள் பக்கத்து வீட்டு முருகேசு அண்ணன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். அவர் மகள் யாழினிக்கு நான் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்காகக் கண்டங்கள் நகர்ந்த கதையை ஒரு பெரிய அட்டையில் செய்துகொண்டிருந்தோம். எல்லா நிலமும் ஒட்டிக்கிடந்த பாஞ்சியா, அதன் தெற்குப் பகுதியான கோண்டுவானா, அதிலிருந்து பிரிந்து வடக்கே போன இந்தியா. இரண்டு வாரம் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், நீலக் கடலின் நடுவே பச்சைப் பெயிண்டில் புதிதாக ஒரு கண்டம். அண்ணனின் கைவண்ணம். குமரிக் கண்டமாம், தமிழர்கள் அதில் நடந்தே இங்கே வந்தார்களாம். கன்னியாகுமரியில் தொடங்கி நேராகப் பினாங்கில் வந்து முடிகிறது.

எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. திருச்சியில் ஆறு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். அங்கேயும் வருடத்துக்கு ஒருவராவது இதைக் கேட்பார்கள். கடலடியில் அப்படியொரு கண்டம் இல்லை, இந்தியா பிரிந்த காலத்தில் மனிதனே இல்லை என்பேன். வகுப்பு சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அண்ணன் சிரிக்கவில்லை. மனிதனே இல்லாதபோது யார் நடந்து வந்தது என்று கத்தாத குறையாகக் கேட்டேன். அவர் பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், போன மாசம் கிளாஸ்ல ஒரு பிள்ள இவள 'பாலிக் இந்தியா'ன்னுச்சு, இந்தியாவுக்கே திரும்பிப் போன்னு. எங்க தாத்தாவே இங்கதான் பொறந்தாரு. கப்பல்ல வந்தோம்னாத்தானே போகச் சொல்றாங்க. நடந்தே வந்தோம்னு இருக்கட்டும் லா."

என் கோபம் தணியவில்லை, ஆள்தான் மாறியது. ஆனாலும் இந்தப் பச்சையை நம்பி நின்றால் யாழினி முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள். அண்ணனை உட்காரவைத்து, பினாங்கு இருக்கும் நிலமும் கோண்டுவானாவின் ஓரத்திலிருந்து பிரிந்ததுதான், இந்தியாவுக்கும் வெகுகாலம் முன்பே வடக்கே வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். அவர் நம்பாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். வந்தேறிகளுக்கு இங்கே ஒரு மலாய்ச் சொல் உண்டு. அதை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன்.

"அப்ப இந்த மண்ணே பெண்டாத்தாங்தானா, டீச்சர்?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் நீலப் பெயிண்டை அவரே எடுத்துவந்தார். பச்சை மறைந்தது. யாழினி காகிதத்தை நறுக்கி ஊர்ப் பெயர்களை எழுதி ஒட்டினாள். கோண்டுவானாவின் ஓரத்தில் பினாங்கு, கொஞ்சம் தள்ளித் திருச்சி. கடைசியாக என் பெயரையும் ஒரு துண்டில் எழுதி, பசை தடவி என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே ஒட்டுங்க டீச்சர்."

அட்டையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பசை காய்ந்து, சீட்டு என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.