அண்ணனின் கவிஞர்களும் மதினியும்

வைகையில் வெள்ளம் என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், மதுரை சிம்மக்கல்லில் பாதி வீடுகள் காலியாகிவிடும். வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு செம்மண் நிறத்தில் கரை முட்டி ஓடுவதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு திருவிழா. என் மதினி மட்டும் அப்படி ஓடமாட்டாள். வாசற்படியில் நின்று, மேற்கே வானம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாள். அவள் பிறந்த சோழவந்தான் அந்தத் திசையில் இருந்தது. அங்கே ஆற்றை ஒட்டி அவளுடைய அப்பாவின் வெற்றிலைக் கொடிக்கால்.

அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இங்கிலீஷ் கவிஞர்கள் என்றால் மிகையாகாது. அண்ணன் அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். நூறு, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் எழுத்திலும் ஓவியத்திலும் கிளம்பிய ரொமாண்டிக் இயக்கம்தான் அவர் மதம். அறிவைவிட உணர்ச்சி பெரிது. நகரத்தைவிட மலையும் புயலும் பெரிது. படித்தவனைவிட ஆடு மேய்க்கிறவன் உண்மைக்கு அருகில் இருக்கிறான். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அண்ணன் அதன்படி வாழ நினைத்தார். மெட்ரிக் படித்த வக்கீல் மகளை வேண்டாம் என்றார். ஒரு சிநேகிதரோடு சோழவந்தானுக்குப் போனவர், கொடிக்காலில் பாடிக்கொண்டே வெற்றிலை கிள்ளிய பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, "கட்டுனா அவளைத்தான்" என்றார். அம்மா அழுது பார்த்தாள். அண்ணன் அசையவில்லை.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அண்ணன் அவளை மிகவும் நேசித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்கள் வருவார்கள். அவளைக் கூப்பிட்டுக் கொடிக்கால் பாட்டைப் பாடச் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாடுவாள். "புஸ்தகத்தோட கறை படாத குரல், பாருங்க" என்று அண்ணன் பூரித்துப்போவார். அடுப்படிக்குத் திரும்பி வந்ததும் அவள் முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவரிடம் கேட்டாள்: "நீங்க படிக்கிற பாட்டை எனக்கும் சொல்லிக் குடுங்களேன். எழுத்துக் கூட்டித் தமிழு படிப்பேன். இங்கிலீசும் வந்துரும்."

அண்ணன் சிரித்தார். "உனக்கு எதுக்கு அது? அவங்கெல்லாம் தேடித் தேடி எழுதுனது உன்னை மாதிரி ஒருத்தியத்தான். நீ படிச்சுட்டா அது போயிரும்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவள் மோர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு காலை, வெள்ளம் வந்துவிட்டது என்று தெருவே ஓடியபோது அண்ணன் எங்கள் இருவரையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். கூடவே இரண்டு சிநேகிதர்கள். அண்ணன் படமும் வரைவார்; அவர் கையில் வரைபலகையும் காகிதமும். கரையில் நின்று, ஆற்று இரைச்சலுக்கு மேலாகக் குரல் எழுப்பி இங்கிலீஷ் கவிதைகளைச் சொன்னார். "என்ன ஆவேசம்! மனுசன் கட்டுனதையெல்லாம் ஒரு கையால தள்ளிட்டுப் போகுது பாருங்க!" என்றார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பொய்யில்லை, அவர் மனம் உண்மையிலேயே நிறைந்திருந்தது.

கூரைகள் மிதந்து போயின. வாழைகள் போயின. அப்புறம் மெல்லிய மரங்கள், வேரோடு, கொத்துக் கொத்தாக. அவற்றைச் சுற்றிப் பச்சைக் கொடிகள் இன்னும் பிடிவிடாமல் இருந்தன.

மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அகத்தி" என்றாள். "கொடிக்கால்ல வெத்தலை படர்ற மரம்."

அண்ணன் அதைக் கேட்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்து, "கூந்தலை அவுத்துவிட்டுட்டு அந்தக் கல்லு மேல நில்லு. பின்னால ஆறு வரணும். வரைஞ்சுக்கிறேன்" என்றார்.

"எங்க ஊரு மெதந்து போகுது. நீங்க படம் எழுதுறீங்களா?"

ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் முகத்தில் நான் எதிர்பார்த்தது வெட்கம். ஆனால் அங்கே வந்தது மகிழ்ச்சி. "இதோ, இந்தக் கண்ணு! இப்படியே நில்லு, அசையாதே!" என்று கரிக்கோலை எடுத்தார். அவளுடைய கோபத்தையும் அவர் அழகாகத்தான் பார்த்தார். அதைவிட மோசமாக அவளைத் தனிமைப்படுத்தியிருக்க முடியாது.

"அண்ணே, போதும்" என்றேன். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ரயில் ஓடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு மாட்டுவண்டியில் அவளோடு நானும் போனேன். கொடிக்கால் இருந்த இடத்தில் சேறு. மிஞ்சிய கொடிகள் வேரழுகி நாறின. அவள் அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். "வா, ஆத்தா" என்றார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். சில நாட்களில் நான் ஊர் திரும்பினேன். அவள் வரவில்லை.

தை பிறந்த பிறகுதான் அண்ணன் சோழவந்தானுக்குப் போனார். என்னையும் துணைக்கு அழைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் மண்வெட்டி பிடித்தார். "மாப்ள, நீங்க மேல வந்து நில்லுங்க, கைய வெட்டிக்கிரப்போறீங்க" என்று மாமனார் கெஞ்சினார். மதியத்துக்குள் அண்ணனின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மதினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்கு இது தெரியாமப் போச்சு" என்றார் அண்ணன்.

"தெரியலன்னா கேட்டிருக்கலாம்ல. நான் பக்கத்துலதான நின்னேன்."

அவர் மண்வெட்டியைக் கீழே சாய்த்தார். அவளே சொன்னாள்: "வாரேன். ஆனா யாரு முன்னாலயும் பாடமாட்டேன். நான் படிக்கணும்."

வந்தாள், படித்தாள். பகலில் நானும் அவளும் உட்கார்ந்து தமிழும், பிறகு இங்கிலீஷும். அண்ணன் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. வரைவதையும் அதோடு விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. வீட்டில் அவளிடம் மரியாதையாக, அளந்து பேசினார். அவளைக் கவிதையாகப் பார்ப்பதை விட்டுவிட்டார். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. நியாயம் கிடைத்த வீடு ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்து ஒருமுறை கேட்டேன், அந்தக் கவிதைகள் எப்படி என்று. "நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றாள். "எல்லாத்துலயும் ஒரு பொண்ணு நிக்கிறா, நடக்குறா, அழுவுறா. ஒருத்தியும் வாயத் தொறக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அம்புட்டு ஆசையா அதுக்கப்பறம் என்னய யாரும் பாத்ததில்ல. அதையும் சேத்து வேணாம்னுட்டேன்."

இப்போது அண்ணனுக்குக் கண் தெரிவதில்லை. மாலையில் மதினி பக்கத்தில் அமர்ந்து, சோழவந்தான் இழுப்போடு, அந்தக் கவிதைகளை அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது, ஆற்றங்கரையில் ஒரு பெண் வந்து நிற்கிற இடம் வந்தது. மதினி அந்தப் பக்கத்தை ஓசையில்லாமல் புரட்டி, அதற்கு அடுத்ததிலிருந்து தொடர்ந்தாள். அண்ணனுக்கு அந்தக் கவிதை முழுவதும் மனப்பாடம். விட்டுப்போன வரிகளுக்கு அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. என்ன விட்டாய் என்று அவர் கேட்கவில்லை.