இது சுகர் மெஷின் இல்லைங்க

யானைக்கால் நோயைக் கண்டுபிடிக்கும் புதுக் கருவியோடு தொழிலாளர் கேம்ப் கேம்பாக அலைவது என் வேலை. ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால், கிருமியின் தடயம் இருக்கிறதா என்பதை மின்னோட்டத்தை வைத்துக் கருவி சொல்லிவிடும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? ஊசியும் கையுமாக அலைந்த சகபாவிகளுக்குத்தான் தெரியும்.

வெறும் வயிறு

துபாயின் அல் கூஸ் கேம்பில் நீண்ட வரிசை. பூரித்துப்போனேன். விசாரித்தால், சுகர் டெஸ்ட் என்று யாரோ கிளப்பிவிட்டு, அத்தனை பேரும் சாப்பிடாமல் நிற்கிறார்கள். இது யானைக்காலுக்கு என்று தமிழிலும் அரைகுறை இந்தியிலும் தொண்டை வறளச் சொன்னேன். அறந்தாங்கி பெரியசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு விரலை நீட்டினார்.

"அதெல்லாம் சரி சார், சுகர் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

வெயில்

அபுதாபியின் ருவைஸுக்குப் போனபோது, டிரைவர் ஸ்ட்ரிப் டப்பாவைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வெயிலில் நின்ற காருக்குள்ளேயே பூட்டிவைத்துவிட்டார். யார் ரத்தத்தை விட்டாலும் திரையில் 'எரர்'. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். கேம்ப் பொறுப்பாளர் சிவநேசன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர்; தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்கட மெஷினுக்கே இந்த வெயில் ஏலாதெண்டா, எங்கட பெடியள் என்ன செய்யிறது தம்பி?"

மேனேஜர்

பெரும்பாலும் எல்லோருக்கும் நெகட்டிவ் என்று கருவியை விற்கும் எங்கள் துபாய் ஆபீசுக்குச் சொன்னேன். நல்ல சேதிதானே? மேனேஜர் சலித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நோயாளிங்க இருக்கிற கேம்பா பாத்துப் போகக்கூடாதா?"

முருகையன்

அல் கூஸில் கும்பகோணம் பக்கத்து பிளம்பர் முருகையன் என்னைக் கண்டாலே மறைந்துவிடுவார். ஊசிக்குப் பயம் என்று நினைத்து எரிச்சலோடு ஒருநாள் ரூமுக்கே போனேன். கட்டிலில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். போர்வைக்கு வெளியே இடதுகால் வீங்கித் தெரிந்தது. டெஸ்டில் தெரிந்தால் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிடுவார்கள், தங்கை கல்யாணம் நின்றுபோகும் என்று அழுதார்.

அப்படி அனுப்பிவிடுவார்களா என்று எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கிளினிக் டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். தொட்டால் ஒட்டாது, அவர் கம்பெனிக்குச் சொல்ல மாட்டேன், கூட்டி வா என்றார். அதற்குப் பிறகுதான் முருகையன் விரல் தந்தார். பாசிட்டிவ். டாக்டர் மறுபடி சோதித்து மாத்திரை கொடுத்தார், தினமும் காலைக் கழுவித் துடைக்கச் சொன்னார். வீக்கம் முழுதாக வடியவில்லை. அடிக்கடி வந்த காய்ச்சல் நின்றது. வேலையும் போகவில்லை.

"காய்ச்சலைவிட உங்களைப் பாத்துதான் சார் அதிகமா நடுங்கினேன்."

நோயைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தம் போதும், அந்தச் சொட்டை வாங்கத்தான் என் ரத்தமெல்லாம் சுண்டிப்போகிறது.