கரையாத மாத்திரை

கோவில்பட்டியில் நான் மருந்தாளுநராக இருக்கும் கடைக்கு, போன மாசியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். புதூர்ப் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருக்கும் குடும்பம். இரண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. ஆனால் அவருக்கு இறங்கியது, அவளுக்கு இறங்கவே இல்லை. இப்படியே போனால் ஒரு பக்கம் கைகால் விழுந்துவிடும் என்று டாக்டர் அன்று காலை எச்சரித்து அனுப்பியிருந்தார்.

பெரியப்பா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் பிரித்தார். உள்ளே செங்காவி நிறத்தில் ஒரு மாத்திரை. பெரியம்மா காட்டுக்கு ஒதுங்கிய இடத்தில் கிடந்ததாம். கழுவித்தான் கொண்டுவந்தேன் என்றார், என்னவோ கொய்யாப்பழத்தைக் கழுவிய மாதிரி. பக்கத்தில் இருந்த மருந்து அட்டைகளை நான் அவசரமாக நகர்த்தி வைத்தேன்.

"முழுங்குனது அப்படியே வருது. கரையாத மாத்திரையைக் கொடுத்து ஊரை ஏமாத்துதியளோ?" என்றார்.

அவருக்கு விளக்கிச் சொன்னேன். இந்த மருந்து தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் தண்ணீரை இழுத்து வீங்கும் ஒரு சரக்கோடு அதைச் சேர்த்து, ஊசித்துளை போட்ட கரையாத ஓட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்கத் துளை வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பருத்தி எடுத்த பிறகு செடியில் ஓடு நிற்கிற மாதிரி, மருந்து போன பிறகு வெறும் ஓடு வெளியே வந்துவிடும்.

கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது. "அப்போ என் வயித்துல இருந்து வாரதும் வெறும் ஓடுதானா?"

ஆமாம் என்றேன்.

"அதைத்தானே கழுவி இவளுக்குக் கொடுக்கேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவர் வயிற்றிலிருந்து வந்த வெறும் ஓட்டைத்தான் பெரியம்மா இத்தனை நாளும் விழுங்கியிருக்கிறாள். உருக்குலையாமல் வருவதை வீணாக்குவானேன் என்று அவர் நியாயம் பேசினார். அவர் சாப்பிட்டு எழுந்த எச்சில் இலையில்தான் பெரியம்மா உட்கார்ந்து சாப்பிடும் வீடு அது. அந்தப் பழக்கம் கடைசியில் இங்கே வந்து நின்றிருக்கிறது. தினமும் காலையில் மறக்காமல் பெண்டாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனுஷன் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சிய ஆள். மேஜைமேல் கிடந்ததைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். "ஏட்டி, பெரியவன்கிட்ட பேசுத பேச்சா இது?" என்று அவர் முறைத்தார்.

பெரியம்மா கடை வாசலுக்குப் போய்ச் சாக்கடை ஓரம் குனிந்து ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

"தாயி, என் மாத்திரையை அட்டையோட என் கையில கொடு," என்றாள்.

கொடுத்தேன். பையில் போட்டுக்கொள்ள எப்போதும்போல் பெரியப்பா கையை நீட்டினார். பெரியம்மா அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.