ஒரே காலையில் ஒன்பது மாதம்

மெர்லிமாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் தமிழ்ப்பள்ளி. பிள்ளைகள் குறைவு. மலாய் மொழியிலும் கணிதத்திலும் புள்ளி இறங்கினால் பெற்றோர் மறு வருடமே பிள்ளையைச் சீனப்பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பயத்தில், நான்காம் ஆண்டு வகுப்பாசிரியையான நான், வரலாற்றுப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்தேன். மாதம் ஒரு மணி நேரம் நடத்த வேண்டிய, சிவிக் என்ற நற்பண்புப் பாடமும் அதே வழியில் போனது. பெரிய வருத்தம் ஒன்றும் எனக்கு அப்போது இல்லை.

ஆனால் சிவிக் நடந்ததற்கு மாதாமாதம் அறிக்கை வேண்டும், அதில் படமும் வேண்டும். தலைமையாசிரியர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “நேரம் இல்லலா டீச்சர். படத்த மட்டும் எடுத்து வெச்சிருங்க.”

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காலை, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்பது மாதத்துக்கான படங்களையும் மொத்தமாக எடுத்துத் தள்ளினேன். நாள் வேறாகத் தெரிய உடையை மாற்றச் சொன்னேன். சீருடையில் ‘அன்பு’ பேனர். விளையாட்டுச் சட்டையில் ‘மரியாதை’. ‘பொறுப்பு’ பேனருக்காக ஜன்னல் திரையைக்கூட மாற்றினேன். அந்தக் கவனத்தில் பாதியைப் பாடத்தில் காட்டியிருக்கலாம்.

ஆண்டு இறுதியில் அறிக்கைகளைச் சரிபார்க்கக் கல்வி இலாகா அதிகாரி வந்தார். வகுப்பிலேயே உட்கார்ந்து சிவிக் கோப்பைப் புரட்டினார். புரட்டியவர் நின்றார், பின்னால் போனார், நான்கைந்து தாள்களை உருவி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் பார்த்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். முன்வரிசையில் நடுவில் நின்று வாயெல்லாம் சிரிக்கும் பெண்ணுக்கு எல்லா மாதமும் அதே மேல்பல் இல்லை. இப்போது முதல் மேசையில் முழுப் பல்லோடு உட்கார்ந்திருந்தாள்.

மாட்டினால் எனக்கும், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அவர் அந்த வருடம் ஓய்வு பெறுகிறவர். வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அவளைக் கூப்பிட்டார். “பல்லு எப்பம்மா விழுந்துச்சு?”

அவள் படங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

“போன வருஷமே விழுந்திருச்சு சார். முளைக்கவே இல்ல. இப்பத்தான் வந்துச்சு.”

“சிவிக்ல என்ன படிச்சீங்க?”

“அன்பு, மரியாதை, பொறுப்பு, சார்.”

படத்தில் இருந்த பேனரைப் பார்த்தே படித்தாள். அவர் நம்பினாரா, எனக்குத் தெரியாது. தாள்களை அடுக்கினார், கையெழுத்துப் போட்டார், தேநீர் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

ஓய்வு நேரத்தில் அவள் என்னைத் தேடி வந்தாள். “கரெக்ட்டா சொன்னேனா டீச்சர்?”

“சொன்னம்மா,” என்றேன். வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தேன். முந்தின வாரம்தான், வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதினாள் என்று இதே பெண்ணை எழுப்பி நிற்க வைத்து, பொய்க்காரி என்று திட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவளைத் திட்ட எனக்கு இனி வாய் வராது என்று தெரிந்தது.

மறுநாள் கணிதப் புத்தகத்தை மூடச் சொன்னேன். ஒரு மணி நேரம் முழுதாக நடத்துவது என்று முடிவு செய்திருந்தேன்.

“இன்னிக்குச் சிவிக்,” என்று சொல்லிவிட்டுத் தலைப்பை எழுதப் பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். எழுதி முடித்துத் திரும்பினால், குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், வகுப்பு மொத்தமும் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள்.

“சட்டை மாத்தணுமா டீச்சர்?” என்று கேட்டாள்.