ஐந்தாம் அங்கம்

அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு வேலை. சம்பளம் ஒன்றுக்குத்தான்.

முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. நகராட்சி ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில், ஜன்னலோர மேசையில், இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தாள். ஊரின் குழாய்களிலிருந்து வரும் தண்ணீரைச் சத்துத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் விட்டுச் சூட்டுப்பெட்டியில் வைப்பாள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விரல்நுனி அளவில் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாக நிற்கும். தண்ணீரில் சாக்கடைக் கிருமி கலந்திருந்தால் ஓரிரு நாளில் அந்தக் குட்டிக் குழாயின் உச்சியில் காற்று சேர்ந்து குமிழி கட்டும். அதைப் பார்த்த மாத்திரத்தில் "குமிழி!" என்று கத்திவிடுவாள். பக்கத்து அறையில் தட்டச்சு செய்யும் பெண் முதலில் பதறி எழுந்திருப்பாள், பிறகு பழகிப்போயிற்று. நாளடைவில் இவளுடைய பெயரே குமிழி என்று ஆகிவிட்டது. மேலதிகாரிகூட மறந்துபோய் ஒரு கோப்பில் அப்படி எழுதி அடித்திருக்கிறார்.

இரண்டாவது வேலை, வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் போடும் நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது. அவளுடைய கிசுகிசுப்புக்கு அப்படியொரு வாகு. மேடையின் அந்தக் கோடியில் நிற்பவன் காதில் கணீரென்று விழும், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பைப் பாஸ் பண்ண வைத்த குரல் அது.

அந்த வருஷம் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தவர் தலைமை ஆய்வாளர், அவளுடைய மேலதிகாரி. ஐம்பத்தெட்டு வயது, கணீர்க் குரல், நடந்தால் அறையே நிமிர்ந்து உட்காரும். முந்நூறு வருஷத்துப் பழைய நாடகம் ஒன்று. நாட்டில் பஞ்சம். அரசுக் களஞ்சியத்தைத் திறந்தால் நெல்லுக்குப் பதில் பதர். கள்வனைப் பிடித்துத் தருகிறேன் என்று அமைச்சர் சபதம் செய்கிறார், நாலாம் அங்கத்தில் களஞ்சியக் காவலனைப் பிடித்துச் சிறையில் தள்ளுகிறார், மன்னன் அமைச்சருக்கு மாலை போடுகிறான், சுபம். அமைச்சர் வேஷம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

சனிக்கிழமை நாடகம். அந்த வியாழக்கிழமை காலைதான் வினை வந்தது.

ஊருக்குக் கிழக்கே புதிதாக எண்பது வீட்டு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. குடிவர அனுமதி கொடுக்கும் முன் தண்ணீர் நல்லது என்று ஆய்வுக்கூடம் எழுதித் தர வேண்டும். குமிழி சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். ஐந்து குழாய், ஐந்திலும் குமிழி. கத்தக்கூட மறந்து நின்றாள். இத்தனை மோசமான தண்ணீரை அவள் பார்த்து வெகுகாலமாயிற்று. பதிவேட்டில் எழுதி, அறிக்கையோடு மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

அவர் அறிக்கையைப் படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அதே கட்டடம், அதே தேதி, 'குடிக்கத் தகுந்தது.' கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் அவளுக்கு ஒரு காலி இடம்.

"சார், அஞ்சுலயும் வந்திருக்கு!"

"பாட்டில் சரியாக் கழுவலையோ என்னவோ. குளோரின் போடச் சொல்லிட்டேன், எல்லாம் சரியாயிடும். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு கையெழுத்து போட்டுடும்மா. அவசரமில்ல."

"மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமே சார்?"

"சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணாத" என்றார் அவர், கோபமே இல்லாமல். அந்தக் கோபமில்லாத குரல்தான் அவளை உறுத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத் தொட்டி விஷயத்திலும் இதே குரலில்தான் கேட்டார். 'சந்தேகம்' என்று எழுத வேண்டிய கட்டத்தை அவள் அன்று காலியாக விட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டாள்.

அன்று மாலை மனசு சரியில்லாமல் நூலகத்துக்குப் போனாள். அதற்கு ஒரு சாக்கும் இருந்தது. நாடகப் பிரதியில் இரண்டு வரி மை அப்பிப் படிக்க முடியாமல் இருந்தது, மூலத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நூலகர் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டாள். மூடப்போனவள் கண்ணில் ஒரு தலைப்பு பட்டது. ஐந்தாம் அங்கம்.

அலமாரியோரம் நின்றபடியே படிக்கத் தொடங்கினாள். நூலகர் விளக்கை அணைக்க வந்தபோதுதான் நிமிர்ந்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தாள். ஒரு பேருந்து போயிற்று, இன்னொன்றும் போயிற்று. காவலன் குற்றமற்றவன்! களஞ்சியக் கதவைத் திறந்தது அமைச்சரின் முத்திரை மோதிரம். அவர் திருடவில்லை, பார்க்காமல் முத்திரை குத்தினார், அவ்வளவுதான். அதற்கு முன்தினம் அவர் வாசலில் யாரோ ஒரு வெள்ளைக் குதிரையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"குதிரை!" என்று குமிழி நிறுத்தத்தில் வாய்விட்டே கத்தினாள். பக்கத்தில் நின்றவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

மேலதிகாரியின் மகனுக்குப் போன மாதம்தான் வேலை கிடைத்தது. அந்தக் கட்டடத்தைக் கட்டிய நிறுவனத்தில். தினமும் வெள்ளைக் கார் ஒன்று வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகிறதாம், அலுவலகம் முழுக்க அதே பேச்சு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனுஷன் இதை எப்படி எழுதினான்? 

வீட்டில் கணவர் தையல் மெஷினில் மன்னனுடைய அங்கிக்கு ஜரிகை வைத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் அவர், நாடக உடுப்பு முழுக்க அவர் கைவேலைதான். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்க சாருக்கு இது தெரியுமா?" என்றார் கணவர், வாயில் குண்டூசியோடு.

"பிரதியை வெட்டினதே அவருதாங்க!"

"அப்ப அவருகிட்டயே கேட்டுப் பாரேன்."

வெள்ளிக்கிழமை கேட்டாள். "சார், இந்த நாடகத்துக்கு அஞ்சாவது அங்கம் ஒண்ணு இருக்கு."

அவர் தாடியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "தெரியும். காலேஜ்ல நான்தான் அமைச்சர். முழுசா நடிச்சோம், அழுதவங்களே நூறு பேர் இருப்பாங்க." தாடியின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்தினார். "இப்பல்லாம் யாருக்கும்மா அவ்வளவு பொறுமை? நாலோட முடிச்சாத்தான் ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க."

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. ஊழியர் குடும்பங்கள், தெருக்காரர்கள், முன்வரிசையில் நகராட்சித் தலைவர். கட்டட நிறுவனத்தின் ஆட்களும் வந்திருந்தார்கள். நாடகச் செலவில் பாதி அவர்களுடையது. குமிழி பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் தட்டச்சுப் பிரதி. அதற்கடியில் நூலகப் புத்தகம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை தானாக அதை எடுத்துக்கொண்டது.

மூன்று அங்கம் ஜோராகப் போயிற்று. நாலாவதன் முடிவு. மன்னனாக நடித்த வரி வசூல்காரர் மாலையைத் தூக்கிப் போட்டார். அமைச்சர் மேடையின் நடுவுக்கு வந்தார், கடைசி வசனத்துக்காகக் கையை உயர்த்தினார். அங்கேயே நின்றுவிட்டார். வசனம் மறந்துபோயிற்று.

ஒரு நொடி. இரண்டு நொடி. கண் பக்கத்திரைப் பக்கம் திரும்பியது. குடு, குடு என்று கெஞ்சியது.

பிரதியில் வரி தயாராக இருந்தது: 'அறம் வென்றது, ஆன்றோரே!' குமிழியின் விரல் அந்த வரியில்தான் இருந்தது.  ஐந்து குழாயும் கண்முன் வந்து நின்றன. எண்பது வீட்டுச் சமையலறைக் குழாய்களும் நின்றன. அவள் கை பிரதியைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தது.

"மன்னா, கள்வனைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன்" என்று கிசுகிசுத்தாள். "என் விரல் மோதிரத்தைப் பார்க்க மறந்தேன்."

"மன்னா, கள்வனைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன்..." என்று அவர் இழுத்துக்கொண்டு தொடங்கினார். "என் விரல் மோதிரத்தைப் பார்க்க..."

நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது.  குமிழி அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே பேசினார்.

"...மறந்தேன். களஞ்சியத்தைத் திறந்த முத்திரை இது. பதரை நெல்லென்று எழுதிய கை இது."

அவள் கொடுக்கவில்லை! முப்பத்தாறு வருஷமாக உள்ளே கிடந்த வசனம் தானாக வந்தது. குரலே மாறிப்போயிருந்தது. கணீரெல்லாம் போய், ஒரு சாதாரண மனிதனின் குரல். "வெண்புரவி ஒன்று என் வாசலில் வந்து நின்றது. யார் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடும் என்று அஞ்சினேன். புரவி அழகாய் இருந்தது மன்னா. என் மகன் அதன் மேல் அமர்ந்து சிரித்தான்."

அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

திரைக்குப் பின்னால் ஒரே களேபரம். திரைக் கயிற்றைப் பிடித்திருந்த அலுவலக ஓட்டுநர் ஓடிவந்தார். "என்ன நடக்குது? திரையை இழுத்துடவா?"

"இழுத்தீங்க, அவ்வளவுதான்! கையை எடுங்க!" என்றாள் குமிழி.

மேடையில் வரி வசூல்காரர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு இப்படியொரு காட்சி இருப்பதே தெரியாது. குமிழி முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "என்ன சொன்னீர் அமைச்சரே!" என்று கொடுத்தாள். "என்ன சொன்னீர் அமைச்சரே!" என்று அவர் அலறினார்; அந்த அதிர்ச்சியில் நடிப்பு துளியும் இல்லை. சிறையிலிருந்து காவலன் வர வேண்டும். காவலன் வேஷக்காரர் மீசையைக் கழற்றிவிட்டுப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து மேடைக்குத் தள்ளினாள். அரசியாக நடித்த தட்டச்சுப் பெண்ணுக்கு எட்டு வரி. மூன்று பேர் வாயிலும் குமிழி ஒருத்தியே பேசினாள். பக்கம் புரட்ட எச்சில் தொட நேரமில்லை, வியர்வையிலேயே புரட்டினாள். அமைச்சருக்கு மட்டும் அந்த முதல் இரண்டுக்கு மேல் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் அமைச்சர் மோதிரத்தைக் கழற்றிக் காவலன் காலடியில் வைக்க, திரை விழுந்தது.  அப்புறம் அடித்த கைத்தட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது. கட்டட நிறுவனத்து ஆட்கள் மட்டும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மேலதிகாரி ஒப்பனை அறையில் பாதி பிய்த்த தாடியோடு உட்கார்ந்திருந்தார். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள்.

"எத்தனை வரி குடுத்த?" என்றார்.

"ரெண்டு வரிதான் சார்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கணவர் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தார். "அவரு பாட்டுக்கு 'திரையைப் போடு'ன்னு கத்தியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. திங்கட்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். அதை நினைத்தபோதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் போனபோது அவர் ஏற்கெனவே ஆய்வுக்கூட வாசலில் நின்றிருந்தார், கையில் தண்ணீர் பாட்டில் கூடையோடு. "வா, போகலாம். நானும் வரேன்" என்றார். கட்டடத்தில், வெளிக்கிருமி ஒட்டாமலிருக்கக் குழாய் வாயைத் தீயில் வாட்டி, இரண்டு நிமிஷம் திறந்துவிட்டு, பாட்டிலை அவரே பிடித்தார். புதன்கிழமை முடிவு வந்தது: ஐந்துக்கு ஐந்திலும் குமிழி. அவர் பழைய தாளைக் கிழிக்கவில்லை. புது அறிக்கையோடு அதையும் இணைத்து, 'இது தவறாக என்னால் எழுதப்பட்டது' என்று ஓரத்தில் எழுதி மேலே அனுப்பினார்.

விசாரணை வந்தது. அவருடைய பதவியை இறக்கி, ஓய்வுபெற இருந்த இரண்டு வருஷத்துக்குக் குழாய்க் கிடங்குக்கு அனுப்பினார்கள். மகன் வேலையை விட்டானா, விடவைத்தார்களா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் கிளம்பிய அன்று குமிழி வணக்கம் சொல்லப் போனாள். அவர் கோபப்படவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. "அஞ்சாவது அங்கத்துல மூணாவது பக்கம் ஒரு வரி விட்டுட்டேன். கவனிச்சியா?" என்றார். அவள் கவனித்திருந்தாள். அன்று நடந்தது எல்லாம் இருக்க, அந்த ஒரு வரியை எண்ணித்தான் அவர் வருத்தப்படுகிறார் என்று பட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கட்டடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயை ஒட்டியே கழிவுநீர்க் குழாய் ஓடியது, இரண்டிலும் விரிசல். மாற்றிப் போட்டு முடிக்க இரண்டரை மாதமாயிற்று. குடிவர அனுமதி கொடுத்த மறுநாள், நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு மாதிரி எடுக்கக் குமிழி தன் கூடையோடு போனாள். வாசலில் வண்டி வண்டியாகக் கட்டிலும் பீரோவும் இறங்கிக்கொண்டிருந்தன. முதல் மாடி வீட்டில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி அவள் அடையாள அட்டையைப் பார்த்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"ஓ, தண்ணி ஆபீஸா? உங்க ஆளுங்க சோம்பேறித்தனத்தால ரெண்டரை மாசம் என் அண்ணன் வீட்ல ஒரே ரூம்ல கிடந்தோம்! ஒரு கையெழுத்து போட இத்தனை நாளா?"

குமிழிக்கு எல்லாம் நுனிநாக்கு வரை வந்தது. குழந்தை குழாயை எட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றாள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? தண்ணி பிடிக்கணும்."